வேலை தெரியும், கணினிதான் தடை என்பவர்களுக்கு: பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

பாயான் லெப்பாஸிலோ பிறையிலோ பத்துப் பதினைந்து வருடமாகத் தொழிற்சாலை வேலை செய்யும் நம்மவர்களுக்கு இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லத் தெரியும். அதே கோளாறை டேப்லட்டில் பதிவு செய்யுங்கள், மாதக் கடைசியில் எக்செலில் கணக்குக் காட்டுங்கள் என்றால் மட்டும், நேற்று வேலைக்குச் சேர்ந்த டிப்ளோமா பையனைத் தேட வேண்டியிருக்கிறது. லைன் லீடர் வேலை காலியாகும்போது அது அந்தப் பையனுக்குப் போகிறது. பல வீடுகளில் இந்த மனக்கசப்பைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான். ஸ்டோர் கிளார்க், லோரி டிஸ்பேட்ச், ஆப்பரேட்டர், டெக்னீஷியன், சின்ன ஆபிஸில் கணக்கு பார்க்கும் அக்கா என்று யாருக்கும் இது பொருந்தும்.

வயதாகிவிட்டதால் இந்த இடைவெளி வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேலை மாறிக்கொண்டே இருக்கிறது, நாம் கற்பதோ வேலையில் சேர்ந்த முதல் சில மாதங்களோடு நின்றுவிடுகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய 1972-ல் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துக் கம்பி இணைத்தவர்கள்தான் திறமைசாலிகள். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. இயந்திரம் கொடுக்கும் எண்களைப் படித்து முடிவெடுப்பவருக்குத்தான் மதிப்பு. ஆபிஸ் பக்கமும் இதே கதைதான். 2024 ஆகஸ்ட் 1-ல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் எனும் மின்னணு பில் கட்டாயமானது. 2025 ஜனவரியிலும் ஜூலையிலும் அதைவிடச் சிறிய நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. பில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கிளார்க், வரி எண்ணையும் பொருள் வகைக் குறியீட்டையும் திரையில் சரியாக நிரப்ப வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார். அடுத்த மாற்றம் என்னவென்று தெரியாது, வரப்போவது மட்டும் நிச்சயம்.

ஆகவே மூன்று நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், அத்தோடு முடிந்தது என்ற கணக்கு உதவாது. வாரத்துக்கு ஒன்று கற்க வேண்டும். அந்த ஒன்றையும் உங்கள் சொந்த வேலையிலிருந்தே எடுக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் உங்கள் பையிலிருந்து காசு போடத் தேவையில்லை.

எங்கே மாட்டுகிறது என்று எழுதுங்கள்

ஒரு வாரம் சட்டைப் பையில் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் செய்யவேண்டிய ஒன்றை வேறு ஒருவரைச் செய்யச் சொன்னால் எழுதுங்கள். கணினி செய்யக்கூடியதைக் கையால் செய்தால் எழுதுங்கள். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாலும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்: "ரிஜெக்ட் எண்ணிக்கையைக் கால்குலேட்டரில் கூட்டினேன்." "லீவு சிஸ்டத்தில் போட லதா அக்காவிடம் போனேன்." "டீம்ஸ் மீட்டிங்கில் மைக் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை." "மேனேஜர் அனுப்பிய ஃபைல் போனில் திறக்கவில்லை."

வாரக் கடைசியில் எடுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருவது எது? அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மிகக் கடினமானதை முதலில் பிடிக்காதீர்கள். தினமும் மூன்று முறை தடுக்கும் சின்ன விஷயம் தீர்ந்தால் அன்றே பலன் தெரியும், அந்தப் பலன் அடுத்ததைக் கற்க வைக்கும். பைத்தான் நிரலாக்க வகுப்பில் நேராகப் போய் உட்கார்ந்து, இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுபவர்களைப் பார்க்க எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். அவர்களுக்குத் திறமை குறைவில்லை. அன்றாட வேலையில் பயன்படாத ஒன்றை மனம் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பட்டியலும் வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில், உங்களுக்கு அடுத்த படியில் இருக்கும் வேலைக்கான விளம்பரங்களைத் தேடிப் படியுங்கள். ஆப்பரேட்டராக இருந்தால் லைன் லீடர், ஸ்டோரில் இருந்தால் இன்வென்டரி கட்டுப்பாடு, லோரிப் பக்கம் என்றால் லாஜிஸ்டிக்ஸ் ஒருங்கிணைப்பு. விண்ணப்பிக்க வேண்டும் என்றில்லை. எந்த மென்பொருளின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பது எதுவோ அதுதான் உங்கள் முதல் பாடம். பெரும்பாலானவர்களுக்கு அது எக்செலாக இருக்கும். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எக்செல்: இங்கே நேரம் செலவழியுங்கள்

ஃபார்முலாவில் தொடங்காதீர்கள். தகவலை எப்படி எழுதி வைப்பது என்பதுதான் அடிப்படை. நம் ஊர் ஆபிஸ்களில் உலவும் ஷீட்டுகளில் பாதி, கண்ணுக்கு அழகாக இருக்கும். நான்கு கட்டங்களை ஒன்றாக இணைத்து நடுவில் பெரிய தலைப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள், நடுநடுவே காலி வரிகள். அப்படி எழுதியதைக் கணினியால் ஒழுங்காகக் கூட்டவும் முடியாது, பிரிக்கவும் முடியாது.

ஷிப்ட் உற்பத்திக் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் தலைப்புகள் மட்டும்: தேதி, ஷிப்ட், மெஷின், எண்ணிக்கை, ரிஜெக்ட், காரணம். அதற்குக் கீழே ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி. கட்டங்களை இணைக்கக் கூடாது, நடுவில் காலி வரி விடக் கூடாது. மெஷின் பெயரை ஒரு நாள் "எம் 3" என்றும் இன்னொரு நாள் "மெஷின் 3" என்றும் எழுதினால் கணினிக்கு அவை இரண்டு மெஷின்கள். எல்லா நாளும் ஒரே மாதிரி எழுதுங்கள். அப்புறம் கன்ட்ரோல் விசையோடு டி-யை அழுத்துங்கள். வரிகளெல்லாம் ஒரு டேபிளாக மாறும், வடிகட்டும் பொத்தான்களும் தானாக வரும்.

இந்த நிலைக்கு வந்த பிறகு பிவட் டேபிள் கற்றுக்கொள்ளுங்கள். இன்சர்ட் மெனுவில் இருக்கிறது. மெஷினை இடப்பக்கம், ஷிப்டை மேலே, ரிஜெக்டை நடுவில் இழுத்து விட்டால், எந்த மெஷினில் எந்த ஷிப்டில் அதிகம் கெட்டுப்போகிறது என்று நொடியில் தெரியும். இரவு ஷிப்டில் மூன்றாம் மெஷின் மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வியோடு காலை மீட்டிங்குக்குப் போகும் ஆப்பரேட்டரை மேனேஜர் கவனிக்காமல் இருக்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்க, பதினைந்து வருட அனுபவம் வேண்டும். டிப்ளோமா பையனிடம் அது இல்லை.

தொடக்கத்தில் எல்லோரையும் தடுக்கி விழ வைப்பவை சில உண்டு. தேதி ஒன்று. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 03/04 என்பதை ஏப்ரல் 3 என்று எடுக்காமல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும், மாதக் கணக்கு முழுவதும் குழம்பும். விண்டோஸ் வட்டார அமைப்பை மலேசியாவுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அடுத்தது, பார்க்க எண் போல இருக்கும் எழுத்து. எண் என்றால் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடப்பக்கம் நிற்கும். நீங்களாக இடம் மாற்றாமலே இடப்பக்கம் நிற்கும் எண், கூட்டலில் சேராமல் போகும். காரணமே தெரியாமல் கணக்கு உதைக்கும்போது முதலில் இதைப் பாருங்கள். இன்னொரு திருடன், பெயருக்குப் பின்னால் தெரியாமல் விழுந்த ஒற்றை இடைவெளி. டிரிம் என்ற ஃபார்முலா அதை நீக்கும்.

பிறகு சம்இஃப், கவுண்ட்இஃப், எக்ஸ்லுக்அப். சம்இஃப் நீங்கள் சொல்லும் நிபந்தனைக்குப் பொருந்தும் எண்களை மட்டும் கூட்டும், கவுண்ட்இஃப் பொருந்துபவை எத்தனை என்று எண்ணும். எக்ஸ்லுக்அப் என்பது பொருள் எண்ணைக் கொடுத்தால் இன்னொரு பட்டியலிலிருந்து அதன் பெயரையோ விலையையோ எடுத்துத் தரும் ஃபார்முலா. எக்செல் 2021-லும் மைக்ரோசாஃப்ட் 365-லும் இருக்கிறது. கம்பெனிக் கணினி அதைவிடப் பழையது என்றால் இதே போன்ற வேலையைச் செய்யும் விலுக்அப் கற்றுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். கம்பெனியின் அசல் ஃபைலில் பழக வேண்டாம், ஒரு நகல் எடுத்து அதில் செய்து பாருங்கள்.

மெனுப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருப்பது சிலருக்குத் தயக்கத்தைத் தருகிறது. மெனுப் பெயரைத் திரையில் இருக்கிறபடி எழுதிக்கொண்டு, அது என்ன செய்யும் என்பதைத் தமிழில் குறித்து வையுங்கள். போனில் செல்லினமோ கணினியில் முரசு அஞ்சலோ இருந்தால் தட்டச்சும் செய்யலாம். இரண்டும் நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கியவை. நம் மொழியைக் கணினிக்குள் கொண்டுவந்ததில் இந்த நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கணினி நமக்கு அந்நியம் என்று நம் பிள்ளைகளும் பெற்றோரும் நினைக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பாதுகாப்பு, ஃபைல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வேண்டாம், இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் உடனே வங்கியையோ தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஃபைல் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் அவை தானாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். "ஃபைனல்", "ஃபைனல் 2", "உண்மை ஃபைனல்" என்று ஃபைல்களைப் பெருக்காமல், ஒன் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ ஒரே ஃபைலை வைத்து அதன் லிங்கை அனுப்பப் பழகுங்கள்.

காசில்லாமல் எங்கே கற்கலாம்

மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப் நடத்தும் இ-லாத்தி இணையப் பயிற்சித் தளத்தில் மலேசியர்கள் யாரும் இலவசமாகப் பதிந்து படிக்கலாம். போனிலேயே பார்க்கலாம் என்பதால் தொழிற்சாலைப் பஸ்ஸில் பிறையிலிருந்து பாலம் தாண்டும் நேரமே ஒரு பாடத்துக்குப் போதும். ஆனால் பார்த்தது மட்டும் கற்றதாகாது. அன்றோ மறுநாளோ கணினியில் ஒரு முறை செய்து பார்த்தால்தான் கை பழகும்.

வீட்டில் கணினி இல்லை என்பது பலருக்கும் உள்ள உண்மையான தடை. நாடி என்ற பெயரில் இயங்கும் சமூக இணைய மையங்களில் கணினியும் இணையமும் இருக்கின்றன, அடிப்படை வகுப்புகளும் நடக்கின்றன. முன்பு இவற்றை இணைய மையம், பெடி என்றெல்லாம் அழைத்தார்கள். செபராங் பிறைப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் சட்டமன்றத் தொகுதியில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தீவில் இருப்பவர்களுக்கு ஜாலான் மஸ்ஜித் நெகிரியில், நாம் கிரீன் லேன் என்று சொல்லும் இடத்தில், பினாங்கு டிஜிட்டல் நூலகம் இருக்கிறது. அமைதியாக உட்கார்ந்து படிக்க நல்ல இடம்.

கம்பெனியின் காசில் படிப்பது

பலருக்கும் தெரியாத பகுதி இது, எனக்கு மிகவும் ஆதங்கம் தருவதும் இதுதான். 2001-ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின்படி, அதற்கு உட்பட்ட தொழில்களில் 10 மலேசியத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் கம்பெனி, அவர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாக, அதாவது பயிற்சி நிதிக் கட்டணமாக, கட்ட வேண்டும். 5 முதல் 9 பேர் வரை இருந்தால் விரும்பினால் சேரலாம், விகிதம் 0.5 விழுக்காடு. இது கம்பெனியின் செலவு, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அந்தப் பணத்தின் நோக்கமே உங்களுக்குப் பயிற்சி கொடுப்பது. பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது யார் கேட்டார்களோ அவர்கள் பெயர்தான் பட்டியலில் ஏறுகிறது. நம்மவர்கள் கேட்பதில்லை. "நம்மை எங்கே அனுப்பப் போகிறார்கள்" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் உங்கள் சூப்பர்வைசரிடம் பேசுங்கள், எச்.ஆர்.-இடம் நேராகப் போனால் அவர் தன்னைத் தாண்டிப் போனதாக நினைக்கலாம். அப்புறம் எச்.ஆர்.-க்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ ஐந்து வரி மின்னஞ்சல். அதில் இருக்க வேண்டியவை: நீங்கள் செய்யும் வேலை, அதில் எங்கே நேரம் வீணாகிறது, எந்த வகுப்பு அதைச் சரிசெய்யும், அந்த வகுப்பை லெவியில் கிளெய்ம் செய்ய முடியுமா, திரும்பி வந்து எதைச் செய்து காட்டுவீர்கள். "எனக்கு எக்செல் கற்க ஆசை" என்று எழுதினால் பதில் வராமல் போகலாம். "தினமும் ரிஜெக்ட் அறிக்கைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, இந்த வகுப்பு முடித்தால் பத்து நிமிடத்தில் முடிக்க முயல்வேன்" என்று எழுதினால் அதை மேலே அனுப்ப எச்.ஆர்.-க்கே ஒரு காரணம் கிடைக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வகுப்பு தொடங்கும் முன்பே கம்பெனி எச்.ஆர்.டி. கோர்ப்பிடம் மானியத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நீங்கள் கட்டணம் கட்டிப் படித்துவிட்டுப் பிறகு ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் காரியம் நடக்காது. ஆகவே வகுப்புத் தேதிக்குப் பல வாரங்களுக்கு முன்பே பேச்சைத் தொடங்குங்கள். பாயான் லெப்பாஸில் 1989-லிருந்து இயங்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையமான பி.எஸ்.டி.சி.-யின் வகுப்புப் பட்டியலைப் பார்த்தால் தொழிற்சாலை வேலைக்கு நேரடியாகப் பொருந்துபவை கிடைக்கும்.

ஒரு முறை மறுத்துவிட்டால் விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பயிற்சித் திட்டம் போடும் நேரம் எப்போது என்று மரியாதையாகக் கேட்டு, அப்போது மீண்டும் எழுதுங்கள்.

நேரம்

12 மணி நேர ஷிப்ட் முடித்தவரிடம் வீட்டுக்குப் போய்ப் படியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரவு ஷிப்ட் முடிந்த காலையில் எதையும் கற்க முயல வேண்டாம், தூங்குங்கள். ஓய்வு நாளில் ஒரு மணி நேரம், வேலை நாளில் இருபது நிமிடம் என்று வைத்தாலே வாரத்துக்கு ஒன்று கற்றுவிடலாம். பிள்ளைகளின் பள்ளி, ஞாயிறு கோயில், உறவினர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் நடுவில் நிலைக்கக்கூடிய அளவு இதுதான்.

மாலை வகுப்புக்காக வேலை நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் சட்டத்தில் இடம் இருக்கிறது. திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 1955, 2023 ஜனவரி 1-லிருந்து, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கத் தொழிலாளருக்கு உரிமை தருகிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கண்டிப்பாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உற்பத்தி வரிசையில் இருப்பவர்களுக்கு இது கிடைப்பது கடினம்தான், ஆபிஸிலும் ஸ்டோரிலும் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

ஏ.ஐ.-யைத் தள்ளி வைக்காதீர்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் ஆகியவற்றை ஒரு பொறுமையான ஆசிரியராகப் பயன்படுத்துங்கள். "இந்த ஃபார்முலா ஏன் பிழை காட்டுகிறது, எளிய தமிழில் சொல்" என்று கேட்டால் விளக்கும். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காது, கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் தவறான பதிலையும் உறுதியான குரலில் சொல்லும். ஃபார்முலாவை வாங்கினால், விடை தெரிந்த நான்கைந்து வரிகளில் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் உண்மையான கணக்கில் பயன்படுத்த வேண்டும். வாடிக்கையாளர் பெயர், ஐ.சி. எண், சம்பளப் பட்டியல், கம்பெனி வரைபடம் எதையும் அதில் ஒட்டாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கம்பெனி விதியும் இருக்கும். ஐ.டி. பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்படையைப் புரிந்துகொள்ள, 2024 ஜனவரியில் அரசு தொடங்கிய 'ஏ.ஐ. உந்தோக் ரக்யாட்' இணையப் பாடம் போதும். இலவசம், சில மணி நேரத்தில் முடிந்துவிடும், தமிழிலும் இருக்கிறது. தமிழில் இருப்பதால் வீட்டில் அப்பா அம்மாவோடும் சேர்ந்து பார்க்கலாம்.

கற்றதைச் சான்றாக்குங்கள்

ஒவ்வொரு மாதமும் நீங்கள் செய்த ஒன்றைச் சேமித்து வையுங்கள். கம்பெனி ரகசியமும் ஆட்களின் பெயரும் நீக்கிய ஒரு ஷீட், முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு, யாருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று நான்கு வரிகள். ஆண்டு மதிப்பீட்டு நேரத்தில் இதை எடுத்து வையுங்கள். இ-லாத்தி சான்றிதழ்கள் இருபது இருந்தாலும் இந்த நான்கு வரிகளுக்குத்தான் அதிக எடை என்பது என் எண்ணம்.

எஸ்.பி.எம். சரியாக வராமல் வேலைக்கு வந்து, அனுபவத்தில் மேலே ஏறியவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையின் பி.பி.டி. எனும் முன் அனுபவ அங்கீகார முறையில், முழுநேர வகுப்புக்குப் போகாமலே, வேலையில் செய்தவற்றின் ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். அவர் கேட்பது வேலை ஆணை, பராமரிப்புப் பதிவு, அறிக்கை, படம் போன்றவை. மாதாமாதம் சேமித்தவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். டிகிரிவரை போக விரும்புவோர் ஏபெல் வழியைப் பற்றி விசாரிக்கலாம். வேலை அனுபவத்தை மதிப்பிட்டுப் பல்கலைக்கழக நுழைவு தரும் முறை அது. ஜார்ஜ் டவுனில் இருக்கும் வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

வேலை போய்விட்டால்

ஆட்குறைப்பில் வேலை இழந்தால் பெர்கேசோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. எஸ்.ஐ.பி. என்று சம்பளச் சீட்டில் மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடிக்கிறார்களே, அதுதான். வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கும், தகுதி இருந்தால் பயிற்சிக் கட்டணத்துக்கும் வழி உண்டு. நீங்களாக ராஜினாமா செய்தாலோ ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறினாலோ இது கிடைக்காது. ஆகவே "நீங்களே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே கையெழுத்துப் போடாமல், முதலில் பெர்கேசோ அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பணிநீக்கக் கடிதம், ஐ.சி., வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதல் வாரமே போய்விடுங்கள், பயிற்சியைப் பற்றியும் அன்றே கேளுங்கள்.